பிளேடைத் தூக்காத ஐலி

சனிக்கிழமை சாயங்காலம் சவுனா என்கிற ஆவிக்குளியல் கொட்டகையில் புகை எழும்பாத வீடு அந்த ஏரிக்கரையில் இரண்டே வகை. ஒன்று சாவு வீடு, இல்லாவிட்டால் ஆளில்லாத வீடு. ஐலி ராவ்டியோவின் வீடு இரண்டிலும் சேர்த்தி இல்லை. கொட்டகை இருந்தது. கருங்கல் அடுக்கிய அடுப்பு இருந்தது. பிளந்து காயவைத்த பிர்ச் மர விறகு கூரை முட்ட இருந்தது. அவள் மட்டும் உள்ளே போகவில்லை. குழாயடியில் ஏதோ கடன் கழிப்பது போல் உடம்பை நனைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

சுரங்கம் தோண்ட ஃபின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் கரை அது. அந்த ரத்தத்தில் பிறந்தவள் சவுனாவை விடுவது கூந்தலை முடியாமல் விரித்துப் போட்டுத் திரிவதற்குச் சமம். ஏதோ சபதம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஊருக்கும் தெரிந்தது. என்ன சபதம் என்பதுதான் தெரியவில்லை.

சபதம் சின்னதுதான். ஒரு மனிதன் வாயிலிருந்து ஒரு சொல் வர வேண்டும். "தூக்கு" என்று அவன் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் கல்லில் தண்ணீர் விட மாட்டேன், ஆவி என் மேல் படக்கூடாது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டவள் அவள்.

ஐலியின் அப்பா அர்வி ராவ்டியோ, தாமிரச் சுரங்கம் மூடின கையோடு கவுண்டி என்கிற ஜில்லா நிர்வாகத்து ரோடு ஆபீசில் பனி தள்ளும் லாரி ஓட்ட வந்தவர். அவருக்குப் பின்னால் அதே வேலைக்கு மகள் வந்தாள், மகளுக்குப் பின்னால் மகன் வில்பெர்ட் வந்தான். ஐலி, கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டுக் கேட்டு ஊருக்கே அலுத்துப் போயிற்று. வில்பெர்ட் கட்டிக்கொள்ளவே இல்லை. ஒரே வளவில் அக்காளுக்கு ஒரு வீடு, தம்பிக்கு ஒரு வீடு, நடுவில் ஒரு சவுனா. அப்படித்தான் காலம் ஓடியது.

பனி தள்ளும் தொழிலில் எங்கும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. லாரி முன்னால் இருக்கிற பிளேடு ரோட்டுப் பனியை வழித்து ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டே போகும். வீட்டு வாசல் வரும் இடத்தில் அந்த ஒதுக்கல் வரப்பு மாதிரி குறுக்கே விழுந்துவிடும். ஒரு மணி நேரம் விட்டால் சிமெண்டாக இறுகிவிடும். அதனால் கிழவி இருக்கும் வீடு, நோயாளி இருக்கும் வீடு, கைக்குழந்தை இருக்கும் வீடு வந்தால் டிரைவர் பிளேடைச் சற்றே தூக்கித் திருப்பி, வரப்பு விழாமல் தாண்டிப் போவான். "வாசல் விடுறது" என்று அதற்குப் பெயர். இரும்புப் பாலம் வந்தாலும் தூக்க வேண்டும். பாலத்துத் தகடும் ரோடும் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு இருக்கும். பிளேடு அதில் கொக்கி போல் மாட்டினால் லாரி குட்டிக்கரணம் அடிக்கும். எங்கே தூக்குவது, எங்கே இறக்குவது என்பதுதான் அந்த வேலையே.

இந்த இடத்துக்குத்தான் கிரெய்க் வாண்டர்வீன் மேனேஜராக வந்து சேர்ந்தான். மாநிலத்தின் இரண்டு பாதியையும் சேர்க்கிற பெரிய பாலத்துக்குத் தெற்கேயிருந்து வந்தவன். பாலத்துக்குக் கீழே இருப்பது பூதம்தானே என்று, அப்படி வருகிறவர்களைப் பாலத்தடிப் பூதம் என்பார்கள் அந்தப் பக்கத்தில். பூதம் என்றாலும் ஆள் பார்க்க லட்சணமாக, பல் வரிசையாக இருப்பான். வந்த சூட்டோடு லாரி ஷெட்டில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினான்.

"சர்க்கார் வேலைன்னா தூங்கினாலும் சம்பளம், தூங்காட்டியும் சம்பளம்னு இருந்த காலம் முடிஞ்சிபோச்சு. இனிமே உழைப்புக்கு ஏத்த சம்பளம். நல்லா செய்றவனுக்குக் கூடும், செய்யாதவனுக்குக் குறையும். இதுல யாருக்கு என்ன கஷ்டம்?"

"யாரு சார் அளப்பா?" என்றான் வில்பெர்ட்.

"மிஷின் அளக்கும். மிஷினுக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது."

ஒவ்வொரு லாரி பிளேடிலும் ஒரு கருவி பொருத்தினான். பிளேடு தரையில் பட்டு ஓடிய தூரமெல்லாம் உழைப்பு, மேலே தூக்கியிருந்த தூரமெல்லாம் சோம்பல். ஷெட்டுச் சுவரில் பெரிய டிவி ஒன்று மாட்டி அதில் எல்லோர் பெயரையும் மார்க்கோடு ஓட விட்டான். மேலே இருக்கிறவன் பெயர் பச்சை, கீழே கிடக்கிறவன் பெயர் சிவப்பு.

பனி இல்லாத நாளிலும் இன்னொரு டிரைவர் டென்னி பிளேடை இறக்கி வெறும் தாரில் இழுத்துக்கொண்டு போனான். தீப்பொறி பறந்தது. பெயர் பச்சையில் நின்றது. வில்பெர்ட்டுக்கு விழுந்தது மேட்டு ரோடு. அந்த ரோடு நெடுக சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்த கிழவர்கள், அவர்களின் விதவைகள். வீட்டுக்கு வீடு வாசல் விட வேண்டும், நடுவில் பாலம் வேறு. அவன் பெயர் சிவப்பைவிட்டு எழும்பவே இல்லை.

"வில்பெர்ட் அண்ணே, செவப்பு உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்கு" என்று டென்னி காபிக் கோப்பையோடு வந்து சீண்டுவான்.

"எங்க தாத்தன் செங்கொடிக்காரன்டா. எனக்கு அது பரம்பரைச் சொத்து. நீ பச்சையா இரு, மாடு வந்து மேய்ஞ்சிட்டுப் போகட்டும்."

சிரித்தான், ஆனால் உள்ளுக்குள் அரித்தது. சம்பளம் குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டான். அப்பன் லாரி ஓட்டின ஷெட்டில் தன் பெயர் அடியில் கிடப்பதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை. ஒருநாள் இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே, "அக்கா, நானும் இனிமே தூக்கப்போறதில்ல" என்றான். "என்னடா தூக்கப்போறதில்ல?" என்று கேட்டவள், பதில் வருவதற்குள் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள்.

முதல் பெரும்பனி இறங்கின காலையில் வில்பெர்ட் பாலத்தில் பிளேடைத் தூக்கவில்லை. விளிம்பில் மாட்டியது. லாரி பக்கவாட்டில் சுழன்று கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஓடைக்குள் கவிழ்ந்தது. உயிர் தப்பியது. இடுப்பெலும்பு மூன்றாக உடைந்தது.

ஆஸ்பத்திரிக்கு வாண்டர்வீன் பூச்செண்டோடு வந்தான். வராந்தாவில் ஐலி வழி மறித்தாள்.

"எவ்ளோ வருஷமா ஓட்டறவன் சார் அவன். ஒரு தடவகூட அந்தப் பாலத்துல தூக்காமப் போனதில்ல. ஏன் தூக்கலன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஐலி, வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பாலத்துல தூக்கணும்னு டிரைவருக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் தூக்காதேன்னு என்னிக்குச் சொன்னேன்?"

"தூக்குன்னு என்னிக்குச் சொன்னீங்க?"

"அது நான் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லம்மா."

அந்த வார்த்தைதான். ஐலி அதை மடியில் முடிந்துகொண்டாள். அடுத்த வாரமே டிரைவர் தப்பு என்று ஆபீஸ் முடிவு கட்டியது. வில்பெர்ட்டுக்கு வேலையும் போயிற்று, ஊனத்துக்குக் கொடுக்கிற பென்ஷனும் கிடையாது என்று ஆயிற்று. கட்டிலில் கிடந்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அக்காள் கொண்டுவந்த கஞ்சி ஆறிப்போயிற்று.

வாண்டர்வீன் ஊருக்கு வந்தபோது ஒரு தப்பு செய்திருந்தான். உள்ளூர்க்காரன் எவனும் செய்யாத தப்பு. ஏரிக்கரை ரோட்டின் கடைசி வீட்டை ஆசைப்பட்டு வாங்கினான். ஜன்னலைத் திறந்தால் ஏரி, அஸ்தமனம், எல்லாம் சரி. ஆனால் ரோடு முடிகிற இடத்தில்தான் பனி லாரி திரும்பும். மொத்த ரோட்டிலும் வழித்து வந்த பனியை அங்கேதான் எங்காவது கொட்ட வேண்டும். லாரி ஓட்டுகிறவனோடு சிநேகம் இல்லாமல் திருப்பத்து வீட்டை வாங்கக் கூடாது என்பது அந்தக் கரையில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும்.

ஐலி நேராக அவன் அறைக்குள் போனாள். "சார், ஏரிக்கரை ரோட்ட எனக்குக் குடுங்க."

அவனுக்கு ஆச்சரியம். ஏரிக்காற்று வழித்த ரோட்டைத் திரும்பிப் பார்ப்பதற்குள் மூடிவிடும். அந்த ரோட்டை யாரும் கேட்டு வாங்குவதில்லை. "கஷ்டமான ரோடாச்சே ஐலி?"

"உழைப்புக்கு ஏத்த சம்பளம்னு சொன்னீங்களே சார். உழைக்கலாம்னு பாக்கறேன்."

அவன் கை கொடுத்தான். அவளும் கொடுத்தாள்.

அன்றிலிருந்து ஐலி பிளேடைத் தூக்கவில்லை. ரோடு தொடங்கும் இடத்தில் இறக்கினால் திருப்பத்தில் சுற்றி மறுபடி தொடங்கும் இடம் வரைக்கும் பிளேடு தரையிலேயே கிடக்கும். காற்று மூடினால் மறுபடி வருவாள், மறுபடி மூடினால் மறுபடி. ஒவ்வொரு தடவையும் மொத்த ரோட்டுப் பனியும் வாண்டர்வீன் வாசலில் போய்ப் படுக்கும். காலையில் இடுப்பளவு, மத்தியானம் மார்பளவு. கறுத்த கல்லும் உப்பும் கலந்து, பாறை போல இறுகி நிற்கும்.

ஆள் வைத்துத் தள்ளலாம் என்று பார்த்தான். அந்தக் கரையில் பனி தள்ள டிராக்டர் வைத்திருந்தவன் ரூடி. ரூடியின் அம்மாவும் ஐலியின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். "வரேன் சார், இந்தா வந்துட்டேன்" என்பான், வரமாட்டான். பக்கத்து ஊரில் ஒருத்தனைப் பிடித்தான். அவன் ரூடியின் மச்சான். கடைசியில் பனி வாரி எறியும் மிஷின் ஒன்று வாங்கினான். முதல் நாளே பனிப்பாறையை விழுங்கி அதன் சக்கரத்தைப் பிடித்திருந்த இரும்பு ஊசி முறிந்தது. மாற்று ஊசிக்குக் கடைக்குப் போனால், "அடடா, கடைசி ஊசி இப்பதான் சார் வித்துச்சு" என்றாள் கடைக்காரி. கடைக்காரி யார்? வில்பெர்ட்டுக்கு ஞானஸ்நானத் தாயாக நின்றவளின் மகள். உறவு தூரம்தான். ஆனால் பனிக்காலத்தில் தூரம் கிட்டம் யார் பார்க்கிறார்கள்?

ஒன்று மட்டும் ஐலியைக் குத்தியது. பிளேடைத் தூக்காவிட்டால் அவன் வாசலில் மட்டுமா விழும்? அந்த ரோட்டில் இருந்த மற்ற வாசல்களிலும் விழுந்தது. அவர்களுக்கு மட்டும் தூக்கினால் மிஷின் காட்டிக்கொடுத்துவிடும். "அவங்களுக்குத் தூக்கினியே, எனக்கு ஏன் தூக்கல?" என்று கேட்க அவனுக்கு வாய் வந்துவிடும். ஆகவே வேலை முடிந்து லாரியை ஷெட்டில் விட்டபின் தன் சொந்த வண்டியில் திரும்பி வருவாள். கையால் தள்ளுகிற பெரிய தகர முறத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக வாருவாள். தோள்பட்டை இற்றுப் போகும். கடைசி வீட்டுக்கு முந்தின வீட்டோடு நிறுத்திக்கொள்வாள்.

அந்த முந்தின வீடு ஹில்யாவுடையது. ஐலியின் அப்பாவுக்குச் சித்தப்பா மகன் கட்டியவள், ஆகவே ஐலிக்குச் சின்னம்மா முறை. வாய் நீளம்.

"ஏண்டி, லாரில வந்து வாசல அடைக்கிற, அப்புறம் நீயே வந்து வாருற. பைத்தியமாடி ஒனக்கு? ஒங்கப்பன் இருந்தா செருப்பால அடிப்பான்."

"அடிக்கட்டும் சின்னம்மா. கொஞ்சம் தள்ளி நில்லு, கால்ல விழுது."

"அந்தக் கடேசி வீட்டுக்காரனுக்கு மட்டும் ஏன் வாரல?"

"அவன் ஆம்பள. திடமாத்தான இருக்கான்?"

ஹில்யா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசி வீட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஏலக்காய் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு வந்து ஐலி வாயில் திணித்தாள். "தின்னுட்டு வாரு. நல்லா வாரு. அவன் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போடு" என்றாள்.

ஷெட்டு டிவியில் ஐலி பெயர் பச்சையில் உச்சிக்குப் போனது. டென்னி இறங்கிவிட்டான். "அக்கா, நீயுமா?" என்றான் ஒருமாதிரியாக. வில்பெர்ட்டின் அக்காள் பூதத்துக்கு விலை போய்விட்டாள் என்று ஷெட்டில் பேச்சு. ஐலி சாவியை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனாள். மாதத்தின் சிறந்த ஊழியர் என்று வாண்டர்வீனே அவளுக்குக் கேடயம் கொடுத்தான். அவன் கையில் கொப்புளம், இடுப்பில் பெல்ட். கைதட்டு ஓய்ந்ததும் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"ஐலி, எங்க வீட்டு வாசல் பக்கம் வரப்ப கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன சார்?"

"கொஞ்சம்... பாத்து..."

"பாத்துத்தான் சார் ஓட்டறேன். ஒரு அடிகூட விடல."

அவன் இடுப்பு பெல்ட்டை இழுத்து விட்டுக்கொண்டான். சொல்லு, சொல்லுடா என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் சொல்லவில்லை. சொன்னால் மார்க் திட்டம் செத்துவிடும், அது அவனுக்குத் தெரியும். கேடயத்தைக் கொண்டுபோய் ஐலி சவுனா அடுப்பின் மேல் வைத்தாள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

மாசி மாதத்துக் குளிரில் வாண்டர்வீன் தன் வீட்டில் ஒரு மத்தியான விருந்து வைத்தான். வந்தவர்கள் கவுண்டி சபைக்காரர்கள் மூன்று பேர், அவர்களுக்குத் தலைவி லொரேன் பெல்லிசாரி. அன்று பிற்பகல் சபையில் ஓட்டெடுப்பு. மார்க்குக்கு ஏற்ற சம்பளத்தை ரோடு ஆபீசோடு நிறுத்தாமல் கவுண்டி ஊழியர் அத்தனை பேருக்கும் கொண்டுவர வேண்டும் என்று. முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் திருப்பிப் படுக்க வைக்கிற தாதிகளுக்கும் மார்க், பிறப்பு இறப்பு பதிகிற குமாஸ்தாவுக்கும் மார்க். விடியற்காலையிலிருந்து அவனே முட்டிபோட்டு வாசலைக் கொத்தித் திறந்து, மத்தியானம் விருந்தாளிகளின் கார்களை உள்ளே விட்டான்.

கார்கள் உள்ளே போனதை ஹில்யா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். போனை எடுத்தாள். "ஐலி, கோழி கூண்டுக்குள்ள போயிடுச்சுடி."

காற்றும் அன்றைக்கு ஐலி பக்கம் இருந்தது. ஏரி மேலிருந்து வீசி ரோட்டை மூடியபடி இருந்தது. அவள் போனாள், வந்தாள், போனாள், வந்தாள். விருந்து முடிந்து சபைக்காரர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் சுவர் நின்றது. ஓட்டெடுப்புக்கு நேரம் நெருங்கிவிட்டது. தலைவி பெல்லிசாரி குதிகால் செருப்போடு அந்தச் சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

"கிரெய்க், இதென்ன?"

"அது... காத்து..."

"காத்தா? காத்து உருண்டையா கல்லு வச்சுக் கட்டுமா?"

தூரத்தில் ஐலியின் லாரி மறுபடி வந்தது. பிளேடு முன்னால் பனி அலை அலையாகப் புரண்டது. வாண்டர்வீன் சுவர் மேல் ஏறிச் சறுக்கி ரோட்டில் விழுந்தான். ஒற்றைச் செருப்போடு எழுந்து, இரண்டு கையையும் வீசிக்கொண்டு லாரிக்கு நேரே ஓடினான். ஐலி பிரேக்கைப் போட்டாள். அவன் படியில் தொற்றி ஏறி ஜன்னலைத் தட்டினான். அவள் கண்ணாடியை இறக்கினாள். மடியில் இருந்த ஒயர்லெஸ் மைக்கின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கரையில் அடுப்படிதோறும் ஒரு ரேடியோப் பெட்டி இருக்கும். ரோடு ஆபீஸ் பேச்சு, போலீஸ் பேச்சு எல்லாம் அதில் கேட்கும். பனிக்காலத்தில் கிழடுகளுக்கு அதுதான் கதை, அதுதான் பாட்டு. வில்பெர்ட்டின் கட்டிலருகிலும் ஒன்று இருந்தது.

"தூக்கு!" என்று கத்தினான் வாண்டர்வீன்.

"என்ன சார்? இன்ஜின் சத்தத்துல கேக்கல."

"தூக்கு! பிளேடத் தூக்கு!"

"தூக்கினா மார்க் போயிடுமே சார்."

"மார்க் நாசமாப் போகட்டும்! வாசல் வந்தா தூக்கணும்னு உனக்குத் தெரியாதா? எந்த டிரைவருக்கும் தெரியும்!"

"தூக்கறது சோம்பேறித்தனம்னு மிஷின் சொல்லுதே."

"மிஷினுக்கு என்ன மயிரு தெரியும்! நான் சொல்றேன், தூக்கு!"

பெல்லிசாரி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கரை முழுக்கக் கேட்டது. ஷெட்டில் டென்னி காபிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றான். ஐலி பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"இந்த வார்த்த சொல்ல வேண்டிய வார்த்த இல்லன்னீங்களே சார், ஆஸ்பத்திரில" என்றாள்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஐலி பிளேடைத் தூக்கினாள். ஆள் உயரத்துக்குத் தூக்கி, ஒரு பனித்துளியும் நகராமல், அந்தச் சுவரை அப்படியே விட்டுவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போனாள். சொன்னதைத்தான் செய்தாள்.

ஓட்டெடுப்பு அன்று நடக்கவில்லை. பிறகு நடந்தபோது திட்டம் தோற்றது. ஷெட்டு டிவியைக் கழற்றினார்கள். கரை முழுக்கக் கேட்ட பேச்சை வைத்துக்கொண்டு யூனியன்காரர்கள் வில்பெர்ட்டின் வழக்கை மறுபடி கிளறினார்கள். டிரைவர் தப்பு என்ற முடிவு ரத்தானது, பென்ஷன் வந்தது. இடுப்பு வரவில்லை. கோல் ஊன்றித்தான் நடந்தான். டென்னிக்குக் கூட்டின சம்பளத்தை யாரும் குறைக்கவில்லை, அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

விருந்து நடந்த வாரத்துச் சனிக்கிழமை, வில்பெர்ட் கோலை ஊன்றிக்கொண்டு ஒற்றைக் கையால் விறகு தள்ளி அடுப்பை மூட்டினான். ஐலி உள்ளே போனாள். மேல்பலகையில் உட்கார்ந்து கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டாள். சீறிக்கொண்டு எழுந்த ஆவி முகத்தில் அறைந்தது. மாதக்கணக்கில் வராமல் நின்ற வேர்வையெல்லாம் ஓடியது. அடுப்பு மேல் இருந்த கேடயத்தின் பெயின்ட் உருகிச் சொட்டியது. அவள் அதை எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது வில்பெர்ட் படியில் உட்கார்ந்திருந்தான்.

"போதுமாக்கா?"

தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தாள். "அவன் வாய்க்குப் போதும்டா. ஒன் இடுப்புக்கு இன்னும் ஆகல."

டிவியைக் கழற்றின மறுநாள் பனி கொட்டியது. டிவி இல்லை, மார்க் இல்லை, அளக்க யாருமில்லை. ஏரிக்கரை ரோட்டில் ஐலியின் லாரி வாசலுக்கு வாசல் பிளேடைத் தூக்கித் தூக்கி வந்தது. ஹில்யா ஜன்னலில் நின்று கையாட்டினாள். அவள் வாசலையும் விட்டுத் தாண்டியபின், கடைசி வீட்டுக்கு முன்னால், ஐலி பிளேடைத் தரையோடு தரையாக இறக்கினாள்.